கண்ணாடி வருது, வழி விடுங்க!

கண்ணாடிக்காரரை எங்கள் வீட்டுக்குள் கூட்டி வந்தது ஒரு காற்று. ஒரு மத்தியானம் சுழன்று அடித்ததில் முன்னறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டு, கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டிப் போனது. மறுநாள் அளவெடுக்க ஒல்லியாக ஒருவர் வந்தார். நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "இங்கேயே புடிச்சுக்கம்மா, அசையாதே" என்றார். அளந்தார், எழுதினார், நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தார். புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரமெல்லாம் பட்டி பூசிவிட்டுப் போனவர், பட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் திரும்பி வந்தார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். உலகத்திலேயே மெதுவாகக் காய்ந்த பட்டி நம்ம வீட்டுப் பட்டிதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா அப்போது சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கும் பிரிவில் இருந்தாள். அப்பா இல்லை. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், என் கன்னத்தைக் கிள்ளி, "சாயங்காலம் வந்துடறேன்டா கண்ணு" என்றார். "சீக்கிரம் வாப்பா" என்றேன் நான். அவரிடம் எனக்கு எப்போதும் வா, போ, நீதான். மரியாதை கிலோ என்ன விலை என்று கேட்கிற செல்லம். அவர் வரவில்லை. செத்துப்போவது என்றால் என்னவென்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. வந்துடறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அதற்கப்புறம் யாராவது என்னிடம் இனிக்க இனிக்கப் பொய் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி வலிக்கவே வலிக்காது என்று சொன்ன நர்ஸம்மாவின் கையைக் கடித்து வைத்திருக்கிறேன். இப்போதும் அந்தக் குணம் போகவில்லை. சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

அம்மா கண்ணாடிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது எனக்கு ஒன்பது வயது. ஊரின் மறுகோடியில் அவருடைய கடை, கடைக்குப் பின்னால் வீடு. கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே என்னை முறைத்துக்கொண்டு நிற்பேன். நாங்கள் குடிபோன அன்றைக்குப் பார்த்தால், ஒவ்வொரு கண்ணாடியிலும் என் கண் உயரத்துக்குச் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து ஒட்டியிருந்தார். "புள்ள ஓடி வந்தா, இங்க கண்ணாடி இருக்குன்னு தெரியணும்ல?" என்றார் அம்மாவிடம். வீட்டுக்குள்ளே ஓடாதே என்று என்னிடம் ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் முகம் முழுசாகத் தெரியவில்லையே என்றுதான் எரிச்சலாக இருந்தது.

செய்கிற வேலை அவர் உடம்பையே மாற்றி வைத்திருந்தது. கதவை முதுகால் தள்ளித்தான் திறப்பார். கையில் ஒன்றும் இல்லாதபோதுகூடக் குறுகலான இடத்தில் பக்கவாட்டாக நடப்பார். எதையும் பொத்தென்று வைக்கமாட்டார். டீ டம்ளரைக்கூட முதலில் ஓரத்தை ஊன்றி, அப்புறம்தான் முழுதாக இறக்குவார். பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகும்போது மட்டும், "கண்ணாடி! கண்ணாடி வருது! வழி விடுங்க!" என்று கணீரென்று குரல் கொடுப்பார். மற்ற நேரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலைதான்.

"அவர்கிட்ட வாங்க போங்கன்னுதான் பேசணும், தெரிஞ்சுதா?" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பேசினேன். அந்த 'ங்க' எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. வேலி போட்ட மாதிரி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஆனால் என்னவென்று கூப்பிடுவது? சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. அப்பாவின் தம்பி என்று அசல் சித்தப்பா ஒருவர் எனக்கு இருந்தார். அவர் கோபித்துக்கொண்டால்? மாமா என்றால், தபால்காரரும் மாமா, பால்காரரும் மாமா, போகிறவர் வருகிறவர் எல்லாரும் மாமா. அங்கிள் என்றால் எனக்குப் பல் பிடுங்கின டாக்டர் முகம்தான் ஞாபகம் வரும். மிச்சமிருந்த ஒரு வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது ஏற்கெனவே ஒருவருடையது.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். டீ ஆறுதுன்னு போய்ச் சொல்லு என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் நடுக்கதவில் நின்று, அம்மா எப்படிக் கூப்பிடுவாளோ அதே மாதிரி, "ஏங்க! டீ ஆறுதுங்க!" என்றேன். கடையே கொல்லென்று சிரித்தது. "ஏம்ப்பா, வீட்டுக்கு ரெண்டு எஜமானியம்மாவா?" என்று ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. என்னவோ நான் சரியாகத்தான் கூப்பிட்டேன் என்பது போல, "இதோ வந்துட்டேம்மா" என்று வந்து டீயை எடுத்துக்கொண்டார். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றோடு அவரைக் கூப்பிடுவதையே விட்டேன். ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் போய் நின்று இருமுவேன். அவரும் நிமிர்ந்து பார்த்து, "சொல்லும்மா" என்பார்.

அந்த வருஷ விடுமுறையில்தான் பெரிய பூகம்பம் வந்தது. என் பள்ளிக்கூடம் பழைய வீட்டுப் பக்கம். இங்கிருந்து பஸ் கிடையாது, அம்மாவுக்கோ காலை ஷிப்ட். பக்கத்திலிருக்கிற பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அம்மா சொன்னதும் நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா போய்விட்டார், வீடு போய்விட்டது, மிச்சமிருந்தது அந்தப் பள்ளிக்கூடமும் என் பெஞ்சும்தான். தலைகீழாக நின்று தண்ணி குடித்தாலும் வேறு பள்ளிக்குப் போகமாட்டேன் என்று சபதமே போட்டேன். அம்மா திட்டித் தீர்த்தாள். கண்ணாடிக்காரர் கையைக் கழுவிக்கொண்டே, "சைக்கிள் கத்துக்கிட்டா அதே ஸ்கூலுக்கே போகலாமே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

அடுத்த நாளே ஒரு சைக்கிள் வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் மகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த சைக்கிள். அதை அவர் உருட்டிக்கொண்டு வரவில்லை. இரண்டு கையாலும் மார்போடு தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கப் பக்கவாட்டாக நடந்து வந்தார். எதிர்வீட்டுத் தபால்கார மாமா வாசலில் நின்று, "என்னய்யா இது, சக்கரம்னு ஒண்ணு எதுக்குக் கண்டுபிடிச்சாங்க?" என்றார். "பழக்கமாயிடுச்சுண்ணே" என்றார் இவர். இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக்காரருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. கண்ணாடிக்கும் சைக்கிளுக்கும் ஜென்மப் பகை என்பதால் அவர் அதைத் தொட்டதே இல்லையாம். அட கடவுளே, தெரியாதவர் எனக்கு என்ன சொல்லிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிடிப்பது.

பின்தெருவில் ஒரு கிடங்கின் நீளமான மதில். காலையில் அங்கே வண்டி அதிகம் வராது. நான் ஏறி உட்கார, அவர் சீட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவார். ஓட ஆரம்பித்ததும் அவருக்கே தெரியாமல் வாய் திறந்துவிடும். "கண்ணாடி! கண்ணாடி வருது! வழி விடுங்க!" தெருவில் போகிறவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்குவார்கள். பார்த்தால் கண்ணாடி எங்கே இருக்கிறது? ஒரு சைக்கிள், அதன்மேல் பேயறைந்த மாதிரி நான். தெருப்பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா! "டேய், கண்ணாடி வருதுடா" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் இன்றைக்கும் நான் கண்ணாடிதான். அப்போது மானம் போனது. போகப் போக நானும் அவரோடு சேர்ந்து, "வழி விடுங்க! விடுங்க! விடுங்க!" என்று கத்தப் பழகிவிட்டேன். பிரேக் பிடிக்கத் தெரியாதவளுக்கு வேறு வழி?

பத்தடிக்கு ஒரு தரம் கேட்பேன்: "புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேம்மா."

சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். பிடித்திருப்பார். எத்தனை தடவை திருட்டுத்தனமாகத் திரும்பினாலும் கை சீட்டில்தான் இருக்கும். விடுமுறை கரைந்துகொண்டிருந்தது, அவர் கை மட்டும் சீட்டை விட்டு நகரவில்லை. நான் கற்றுக்கொண்டபாடும் இல்லை. இப்படிப் பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தக் குழந்தைதான் ஓட்டும்? தபால்கார மாமாவால் ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. பைகளோடு சைக்கிளை நிறுத்தி இறங்கி, அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசு நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யோவ், இதென்ன உடும்புப் பிடியா? புடிச்சிருக்கேன்னு சொல்லு, சத்தமில்லாம கைய எடு. அவ பாட்டுக்குப் போயிட்டே இருப்பா. பொய் சொல்லாம உலகத்துல எவனும் சைக்கிள் சொல்லிக் குடுத்ததே இல்லய்யா!"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இல்லண்ணே" என்றார். "இன்னிக்குப் புடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்டா, நாளைக்கு 'சாயங்காலம் வந்துடறேன்'னு நான் சொல்லும்போது அவ எப்படி நம்புவா?"

தபால்கார மாமா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என் அப்பா கடைசியாகச் சொன்னதை அம்மா இவரிடம் சொல்லியிருக்கிறாள். இவர் அதை மறக்காமல் வைத்திருக்கிறார். மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்திருக்கிறீர்களா என்று கேட்கவும் இல்லை.

திரும்பிப் பார்க்காததால் வேகம் வந்தது, வேகம் வந்ததால் விழுந்தோம். விழுந்தேன் இல்லை, விழுந்தோம். முன்சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்கி வண்டி சாய, இந்த மனிதர் அப்போதும் சீட்டை விடவில்லை. சைக்கிள் என் மேல் விழாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முழங்கை தேய அவரும் தரையில் கிடந்தார். "அப்பா!" என்று அலறியது என் வாய்தான். அவர் எழுந்து வந்து என் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. என்னையும் சைக்கிளையும் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

சாயங்காலம் நான் பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறையில் அம்மா அவர் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"விழுந்தப்போ 'அப்பா'ன்னு கத்தினா" என்றார். "'என்னம்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்."

"ஏன் முழுங்கணும்?"

"அது எனக்கில்லயே. அவங்கப்பாவுக்கு. நடுவுல நான் பதில் சொன்னா திருட்டு மாதிரி ஆயிடும்."

"அடி பட்டா எல்லாருந்தான் அப்பாங்கறாங்க, அம்மாங்கறாங்க" என்றாள் அம்மா.

"அப்படியும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் எனக்கில்ல."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இந்தக் கண்ணாடி அந்த ஜன்னலுக்கு அளவு இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். நான் குழாயை மூட மறந்து நின்றேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் அவர் அப்படி விட்டுக்கொடுத்துவிட்டுப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள். காலையில் ஏறி மிதித்ததுமே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வண்டி சாயாமல் தானாகவே போகிறது, பின்னால் அவர் வெறும் பாரம். கொஞ்ச தூரம் போனதும் கத்தினேன்: "விடுங்க!"

விடவில்லை.

"விடுங்க! விடுங்க!"

"கண்ணாடி! கண்ணாடி வருது!" என்று என்னை விடப் பலமாகக் கத்திக்கொண்டு கூடவே ஓடி வருகிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். காலை ஊன்றி வண்டியை நிறுத்தி, இறங்கித் திரும்பினேன். "விடுங்கன்னு எத்தன வாட்டி சொல்றேன்! காது கேக்கலையா?"

அவர் முட்டியில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "எங்கிட்டயாம்மா சொன்னே? எப்பவும் போல தெருவுல போறவங்கள வழி விடச் சொல்றேன்னு நெனச்சேன்." பிறகு, பாவம், விளக்கம் வேறு சொன்னார்: "யாருன்னு சொன்னாத்தானேம்மா தெரியும்?"

குத்திக்காட்டவில்லை. அவருக்கு அதெல்லாம் வராது. உண்மையாகவே தெரியவில்லை என்றுதான் சொன்னார். வீட்டில் என்றால் எதிரில் போய் நின்று இருமிவிடலாம். சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் இருப்பவரை இருமிக் கூப்பிட முடியுமா? இத்தனை மாதம் அவரைக் கூப்பிடாமலே சமாளித்துக்கொண்டு வந்தது அன்றைக்கு அந்த மதிலோரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மறுபடி ஏறினேன். மறுபடி பிடித்தார். மிதித்தேன். மதில் பாதி தாண்டிவிட்டது. 'அது எனக்கில்லயே' என்று சமையலறையில் சொன்ன குரல் காதிலேயே நின்றது. இவருக்கில்லாமல் வேறு யாருக்காம் என்று ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள், அந்த ஆத்திரத்தில்தான் வாய் திறந்தது.

"அப்பா! விடுங்க!"

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம்கூடத் தடுமாறியது. அப்புறம் பின்னாலிருந்த பாரம் கழன்றது.

"விட்டுட்டேம்மா!" என்றார். உலகத்தில் எந்தத் தகப்பனாவது சைக்கிளை விட்டுவிட்டு அதை உரக்கச் சொல்வானா? இவர் சொன்னார். "விட்டுட்டேன்! கண்ணாடி! கண்ணாடி வருது! வழி விடுங்க!" குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டே, நான் எவ்வளவு தூரம் தனியாக வந்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பயமே இல்லை. மதில் முடிகிற இடத்தில் வளைத்துத் திருப்பி, அவரை நோக்கி ஓட்டி வந்தேன். சீட்டைப் பிடித்த மாதிரியே இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, நடுத்தெருவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த வழியாக வந்த தபால்கார மாமா சைக்கிளை நிறுத்தி விசிலடித்தார்.

அன்று முழுவதும் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கடைக்குப் போனார். ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கோணலாக வெட்டிவிட்டார் என்று மத்தியானம் அம்மா அதிசயமாகச் சொன்னாள். இன்னொன்றை எடுத்து வெட்டினாராம், அதுவும் கோணலாம். "இன்னிக்கு என்ன ஆச்சு இந்த மனுஷனுக்கு?" என்றாள்.

சாயங்காலம் நான் நாளைக்கு வேண்டிய புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, எதிரில் நின்று, இருமினார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"காலையில" என்று ஆரம்பித்து நிறுத்தினார். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "'விடுங்க'ன்னுதானேம்மா சொன்னே? 'விடு'ன்னு இல்லயே?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. என் முதல் அப்பாவிடம் நான் வா, போ. விடுப்பா என்றுதான் சொல்லியிருப்பேன். காலையிலிருந்து, கோணலாக வெட்டிய ஒவ்வொரு கண்ணாடிக்கு நடுவிலும், இந்த மனுஷன் அந்த 'ங்க'வைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆசைப்பட்டதை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அது தனக்கு வந்ததுதானா என்று மறுபடி அளந்து பார்க்கிறார்.

"ஆமாப்பா" என்றேன். "விடுங்கன்னுதான் சொன்னேன்."

தலையாட்டினார். "சரிம்மா" என்றார். பிறகு மடித்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமலேயே, கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் என் பழைய பள்ளிக்கூடத்துக்கு, என் பழைய பெஞ்சுக்கு, சைக்கிளில் போனேன். "சாயங்காலம் இங்கேயே நிப்பேன்" என்றார் கடை வாசலில். நின்றார். படித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். இரண்டு அப்பா கிடைத்து, இரண்டு பேருமே நல்லவர்களாக வாய்ப்பது எத்தனை பேருக்கு நடக்கும்? நான் கொடுத்து வைத்தவள். இதை அவரிடம் சொன்னால், "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று டம்ளரை ஓரம் ஊன்றி வைப்பார். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் மகள் அவரை "வா தாத்தா, போ தாத்தா" என்று முதுகிலேறிக் கொஞ்சுவாள். நான் மட்டும் இன்றைக்கும் வாங்கப்பா, போங்கப்பாதான். "என்ன, பெத்த அப்பாகிட்ட இவ்வளவு மரியாதை? ஏதோ வேத்து மனுஷங்ககிட்ட பேசற மாதிரி?" என்று கேட்காத ஆள் இல்லை. முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன். அந்த 'ங்க' இல்லாமல் கூப்பிட்டால், அவர் அது தனக்கில்லை என்று பேசாமல் இருந்துவிடுவார்.